குடல் நோயின் புறக்குறிகள்

வைத்தியர் நோயாளியைக் கண்டதும் நாடி பிடித்துப் பார்க்கின்றார்; அடுத்து நாவை நீட்டுமாறு கேட்கின்றார். உணவு செல்லும் பாதையிற் கருவியின் உதவியின்றிக் கண்ணாற் காணத்தக்க பகுதி வாய் ஒன்றே ஆதலின், இவ்வழக்கம் நெடுங்காலமாக நிலைத்து வருகின்றது. உதட்டிலே தொடங்கிக் குதத்திலே முடியும் உணவுப் பாதை ஒரே குழாயாகும். வாய் அதன் முன்வாயில். பல முழத்துக்கு அப்பால், வயிற்றின் ஆழத்திலே நிகழும் ஒரு கேட்டினை அம்முன்வாயில் சில வேளைகளில் அறிவித்து விடுகின்றது. உடலைப் போர்த்திருக்கும் தோலும் அவ்வாறே சில வேளைகளில் அறிவிக்கின்றது.

ஒருவருக்கு வாயில் அடிக்கடி புண் தோன்றினால், "வயிற்றிலே புண் இருக்கிறது, அதுதான் வாயிலே தெரிகிறது" என்று நம் வீட்டு முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். இக்கூற்றில் எத்துணை உண்மை உண்டு? வாய்ப்புண்களிற் பெரும்பாலானவற்றுக்குக் குடலோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. பல் கடித்ததனாலும், உடைந்த பல்லின் கூர் உராய்வதனாலும், விற்றமின் குறைவினாலும், காரணம் புலப்படாமலும் அவை தோன்றிப் பத்து நாளில் ஆறிவிடுகின்றன. ஆயின், மிக அரிதாகக் காணப்படும் சில புண்கள் உண்மையிலேயே குடல் நோயின் குறிகளாம். அவற்றைப் புறத்தே கண்டு புறத்தே மட்டும் மருந்திடுவோர் பயன் காணார். அவற்றுள் ஒன்றினைக் கத்தி கொண்டு அறுப்போர் நோயாளிக்குப் பெருந்தீங்கே விளைவிப்பர். ஆதலின் இவ்வரிய நோய்களை அறிந்து வைத்தல் வைத்தியருக்கு மட்டுமன்றி ஏனையோருக்கும் பயனுடைத்து. அவற்றைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் குடல் அழற்சி நோய் என்பது யாதென அறிதல் வேண்டும். இப்பெயரால் மருத்துவ நூலார் சிறப்பாகக் குறிப்பன இரண்டு நோய்கள். ஒன்று பெருங்குடற் புண்ணழற்சி. மற்றது குரோன் நோய். கிருமி தொற்றியதனால் வந்து சில நாளில் நீங்கிவிடும் வயிற்றோட்டத்தினின்றும் இவை வேறானவை. ஆண்டுக்கணக்கில் நீடிப்பன, சில காலம் தணிந்திருந்து பின்னர் மீண்டும் மூள்வன.

பெருங்குடற் புண்ணழற்சி குதத்தை அடுத்த நேர்குடலிலே தொடங்கி மேல்நோக்கிப் பரவும். குடலின் உட்படலத்தை மட்டுமே அது பற்றும். இரத்தமும் சளியும் கலந்த மலம் அடிக்கடி கழிதல் அதன் தலையாய குறி. குரோன் நோயோ உணவுப் பாதையின் எப்பகுதியிலும் தோன்ற வல்லது. சிறுகுடலின் கடைப்பகுதியை அது மிகுதியும் பற்றும்; ஓரிடம் நோயுற்றும் அடுத்த இடம் நலமாகவும் விட்டு விட்டுக் காணப்படும். குடற்சுவரின் முழுத்தடிப்பையும் ஊடுருவுவதால், குடல் சுருங்கி அடைபடுதலும், புரையோடி வேறிடத்தில் துளை விழுதலும் உண்டு. வயிற்றுவலி, உடல் மெலிவு, காய்ச்சல், சோகை என்பன அதனோடு வரும்.

பெருங்குடற் புண்ணழற்சியைத் தனியானதொரு நோயெனப் பிரித்துக் காட்டியவர், இலண்டனிலுள்ள கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த சாமுவேல் வில்க்ஸ் என்பவர். இஃது 1859ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. குரோன் நோயின் வரலாறு சிறிது சிக்கலுடையது. 1913இல் கிளாஸ்கோ நகரத்துச் சத்திர வைத்தியர் கென்னடி டால்சீல் அத்தகைய நோயாளர் சிலரை விவரித்து, மாடுகளின் குடலைத் தாக்கும் ஜோனே நோயை அது ஒத்திருப்பதையும் எடுத்துக்காட்டினார். அவர் எழுதியது உலகின் கவனத்தை அதிகம் பெறவில்லை. 1932இல் நியூ யோர்க் நகரத்து மவுன்ற் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த பேரில் குரோன், லியோன் கின்ஸ்பேர்க், கோர்டன் ஒப்பன்ஹைமர் ஆகிய மூவரும் பதினான்கு நோயாளரின் வரலாற்றை வெளியிட்டனர். ஆசிரியர் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் அச்சிடப்பட்டமையால் குரோனின் பெயர் முன்னே நின்றது. நோய்க்கும் அப்பெயரே நிலைத்தது.

இவ்விரு நோய்களும் மேலைநாட்டாருக்கே உரியன என்று முன்னர்க் கருதப்பட்டது. அக்கருத்து இப்போது பொருந்தாது. இந்தியாவிலும் இலங்கையிலும் இவை காணப்படுகின்றன. ஆசிய நாடுகள் பலவற்றில் இவற்றின் தொகை பெருகி வருகின்றது.

குடல் நோயுடையாரின் தோலிலும் வாயிலும் தோன்றும் மாற்றங்களை அவற்றின் காரணம் பற்றி நான்கு வகையாகப் பகுக்கலாம். குடலிலே காணப்படும் அதே நோய் தோலிலும் உதட்டிலும் நேரே தோன்றுதல் முதல் வகை. குடலிலே மூண்ட அழற்சியின் எதிரொலியாக வேறொரு வடிவில் தோலிலோ வாயிலோ அழற்சி எழுதல் இரண்டாவது. உணவுச் சத்துக்களைக் குடல் உறிஞ்ச மாட்டாமையால் விளையும் குறைபாடு மூன்றாவது. குடல் நோய்க்குக் கொடுத்த மருந்தினாலேயே தோல் கெடுதல் நான்காவது. வெளித்தோற்றத்தில் இவை ஒன்றையொன்று ஒத்திருப்பினும், வகைக்கு ஏற்ப மருத்துவம் வேறுபடும். சான்றாக, மூன்றாம் வகையினருக்கு வேண்டுவது குறைந்துபோன சத்து. நான்காம் வகையினருக்கு வேண்டுவது மருந்தின் மாற்றம்.

எதிரொலி வகையிலே மிகுதியும் காணப்படுவது எரித்தீமா நொடோசம் என்னும் செங்கணு நோய். முழங்காலின் கீழே, முன்காலில், தொட்டால் நோவுதரும் சிவந்த கட்டிகள் தோன்றும். அவை உடைந்து புண்ணாவதில்லை. கன்றிய காயம்போல நிறம் மாறித் தழும்பின்றி மறைந்துவிடும். குடல் அழற்சி மூளும்போது இவை தோன்றிக் குடல் தணியும்போது இவையும் தணியும். எனவே குடலின் நிலையைக் காட்டும் அளவுகோல் போல இவை பயன்படும். எனினும் இதே கட்டிகள் சயரோகத்தினாலும், தொண்டையில் வரும் கிருமித் தொற்றினாலும், சில மருந்துகளினாலும் தோன்றுவதுண்டு என்பதையும் மறத்தலாகாது.

இனி, அரியனவற்றைக் காண்போம். வாயில் தோன்றுவனவற்றுள் குடலின் செய்தியை மிகத் தெளிவாகக் கூறுவது பையோஸ்டோமற்றைற்றிஸ் வெஜிற்றன்ஸ் என்பது. பெயர் நீண்டதாயினும் பொருள் எளிது. 'பையோ' என்பது சீழ். 'ஸ்டோமா' என்பது வாய். 'வெஜிற்றன்ஸ்' என்பது செடிபோல முளைத்து வளர்தல். சீழ் கொண்ட கொப்புளங்கள் வாயில் முளைத்துப் பரவும் நோய் என்பது கருத்து. பிரான்சிய வைத்தியர் ஹலொப்போ 1898இல் தோலிலே இத்தகைய நோய் ஒன்றினை விவரித்தார். வாய்க்குரிய பெயரை 1949இல் அமெரிக்க வைத்தியர் மக்கார்த்தி, மூன்று நோயாளரைக் கண்டு எழுதிய கட்டுரையில் வழங்கினார். 1963இல் மக்கார்த்தியும் ஷ்க்ளாரும் இவ்வாய் நோய்க்கும் பெருங்குடற் புண்ணழற்சிக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் கூறினர்.

இந்நோயில் ஈறு, உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகிய இடங்கள் சிவந்து தடித்து மடிப்புறும். அச்செம்மையின்மீது குண்டூசித் தலையளவான மஞ்சள் நிறக் கொப்புளங்கள் நெருங்கித் தோன்றும். அவை உடைந்து ஒன்றோடொன்று இணையும்போது வளைந்து வளைந்து செல்லும் கோடுகளாகின்றன. ஈரமான சுவரிலே நத்தை ஊர்ந்து சென்ற தடத்தை இவை ஒத்திருத்தலால், 'நத்தைத் தடப் புண்கள்' என மருத்துவர் வழங்குவர். நாவின் மேற்பரப்பு பெரும்பாலும் தப்பிவிடும். பார்ப்பதற்கு இத்துணைக் கொடியதாக இருப்பினும், சிலருக்கு நோவு மிகக் குறைவாகவே இருத்தல் வியப்பாகும். அதனாற் பலர் வைத்தியரை நாடக் காலந் தாழ்த்துவர்.

கொப்புளத்திற் சீழ் காணப்படினும் இது தொற்றுநோயன்று. இழையத்தின் சிறு துண்டொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், மேற்படலத்தின் உள்ளும் அதன் கீழும் நியூத்திரோபில், இயோசினோபில் என்னும் வெண்குருதிக் கலங்கள் திரண்டு சிறு சீழ்க்கட்டிகளாக நிற்றலைக் காணலாம். குருதியிலும் இயோசினோபில் கலங்கள் மிகுந்திருத்தல் வழக்கம். பெம்பிகஸ் என்னும் கடுமையான கொப்புள நோயும் இதனை ஒத்திருக்கும். அந்நோயிற் கலங்களை இணைக்கும் புரதத்தைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் இழையத்திலே படிந்திருக்கும். இதிலோ பொதுவாக அவை இல்லை. இச்சோதனை இரண்டையும் பிரித்தறிய உதவுகின்றது.

இந்நோயின் சிறப்பு யாதெனில், இது காணப்படுவோருட் பெரும்பாலார் குடல் அழற்சி நோயும் உடையராயிருத்தல். பொதுவாகக் குடல் நோய் முன்னர் வந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பின்னர் வாய் நோய் தோன்றும். சிலரிடம் இவ்வரிசை மாறிவிடுகின்றது. வயிற்றிலே எக்குறையும் உணராத ஒருவரின் வாயில் நத்தைத் தடங்களைக் காணும் பல் வைத்தியர், அவரைக் குடல் வைத்தியரிடம் அனுப்பினால், அவர் அறியாதிருந்த பெருங்குடல் நோய் வெளிப்படுதல் கூடும். குடலுக்கு மருத்துவம் செய்யவே வாயும் ஆறத் தொடங்கும். நோயுற்ற பெருங்குடலை முற்றாக அகற்றியபின் வாய் நலமுற்றோரும் உளர். வாய்க்கும் குடலுக்கும் உள்ள தொடர்புக்கு இதனிலும் வலிய சான்று வேண்டுவதில்லை.

குரோன் நோய் வாயிலே தோன்றும் முறை வேறு. இது நாம் கூறிய முதல் வகையைச் சார்ந்தது. குடலிலுள்ள நோயே இங்கும் நேரே உருக்கொள்ளும். உதடு நோவின்றி வீங்கித் தடிக்கும். நடுவே பிளவு விழும். கன்னத்தின் உட்புறம் கற்பாளம் பதித்த தெருவைப் போல மேடும் பள்ளமுமாகும். ஈறும் கன்னமும் கூடும் மடிப்பிலே நீண்ட ஆழமான புண்கள் கீறினாற்போலத் தோன்றும். அவற்றின் ஓரத்திலே சிறு தசை மடல்கள் தொங்கும். இவ்விடத்து இழையத்திலும் குடலிலுள்ளவை போன்றே கிரனுலோமா எனப்படும் கலத்திரள்கள் காணப்படும். 1969இல் டட்னி, டொட் என்னும் இருவர் வாயிற் காணும் குரோன் நோயைப் பற்றி எழுதினர். குடலில் நோயில்லாதோருக்கும் இதே வகையான உதட்டு வீக்கம் வருதல் உண்டு. அத்தகைய வீக்கம் யாவற்றுக்கும் பொதுவாக, வாய்முகக் கிரனுலோமா நோய் என்னும் பெயர் 1985 தொடக்கம் வழங்கி வருகின்றது. அவர்களிற் சிலருக்குக் கறுவா, பென்சோவேற்று முதலியன நீக்கிய உணவு நலந் தருகின்றது. ஆயின் இளம்பருவத்தினருக்கு இவ்வீக்கம் வரும்போது, குடலையும் ஆராய்தல் இன்றியமையாதது. உதடு வீங்கிச் சில ஆண்டு கழிந்தபின் குடல் நோய் வெளிப்படுதலும் உண்டு.

குரோன் நோயின் கிரனுலோமா குடலோடு எவ்விதத்தும் ஒட்டாத தோற்பகுதியிலும் தோன்றலாம். 1965இல் பாக்ஸ், மோர்சன், பீகம் ஆகியோர் இதனை இலண்டனில் விவரித்தனர். புற்றுநோய் ஓரிடத்திலிருந்து தொலைவிலுள்ள வேறிடத்துக்குத் தாவுதலைப் போன்று தோன்றுவதால், 'இடம்பெயர் குரோன் நோய்' என்று இதனைப் பின்னர் அழைத்தனர். இது புற்றுநோயன்று, பெயரின் ஒப்புமை கண்டு அஞ்சுதல் வேண்டா. தோல் மடிப்புகளிலும் மறைவிடங்களிலும் கால்களிலும் இது தோன்றும். மறைவிடத்து வீக்கத்தை வெளியிற் கூற நாணிச் சிறுவரும் பெண்டிரும் நெடுநாள் மறைத்து வைத்தலால், நோய் முற்றிய பின்னரே வைத்தியர் காண நேரிடுகின்றது.

அடுத்துக் கூறப்படுவதே இக்கட்டுரையில் யாவரும் நினைவிற் கொள்ளத்தக்கது. அது பையோடேர்மா காங்கிரினோசம் எனப்படும் தோற்புண். 1930இல் அமெரிக்க நாட்டு மேயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த பிரன்ஸ்டிங், கேக்கர்மன், ஓலீரி ஆகிய மூவர் ஐந்து நோயாளரை விவரித்து இப்பெயரை இட்டனர். ஐவருள் நால்வர் பெருங்குடற் புண்ணழற்சியுடையோர். ஐந்தாமவருக்கு நுரையீரலைச் சூழ்ந்த உறையிலே சீழ் தேங்கியிருந்தது. கிருமிகளே இப்புண்ணுக்குக் காரணம் என அவர்கள் கருதினர். 'சீழ் கொண்டு அழுகும் தோல் நோய்' என்பது அப்பெயரின் பொருள். இன்று நாம் அறிந்தவாறு, இது கிருமி தொற்றிச் சீழ் பிடித்த நோயுமன்று. குருதியோட்டம் நின்று தசை அழுகும் நோயுமன்று. பெயரின் இரு பகுதியும் பிழை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. பெயரின் பிழை பெயரளவில் நில்லாது மருத்துவத்தையும் வழிதவறச் செய்தது என்பதே வருந்தத்தக்கது.

முதலிலே ஒரு சிறு கொப்புளம் பெரும்பாலும் காலில் எழும். பூச்சி கடித்ததென்றோ சிறு காயமென்றோ நோயாளி எண்ணுவார். ஓரிரு நாளில் அது உடைந்து விரைவிற் பரவிப் பெரும் புண்ணாகும். விளிம்பு கத்தரிக்காயின் ஊதா நிறம் பெற்று மேலே தொங்கி நிற்கும். அவ்விளிம்பின் கீழே புண் குடைந்து செல்லும். நோவோ புண்ணின் அளவுக்கு மிஞ்சியதாயிருக்கும். குடல் அகற்றப்பட்டோருக்கு வயிற்றிலே மலம் வெளியேற அமைக்கப்படும் துளையைச் சுற்றியும் இது தோன்றுவதுண்டு. குடல் அழற்சி நோயாளருள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இதற்கு ஆளாகின்றனர். மூட்டுவாதம் உடையோருக்கும், சில குருதி நோய் உடையோருக்கும்கூட இது வருவதுண்டு. ஆறிய பின்னர் சல்லடைபோலத் துளைதுளையான தழும்பு எஞ்சும்.

இப்புண்ணுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. தோலிலே காயம் பட்ட இடத்திற் புதிய புண் எழும். இருக்கும் புண்ணைக் குத்தினாலோ வெட்டினாலோ அது மேலும் பரவும். இதனைப் பதேர்ஜி என்பர். சத்திர சிகிச்சையின் பொதுவிதி, அழுகிய தசையை அறுத்து நீக்கு என்பது. கிருமியால் அழுகும் புண்ணுக்கு அவ்விதி உயிர் காக்கும். இப்புண்ணிலோ அவ்விதியே நோயை வளர்க்கும். அறுத்த விளிம்பு மறுபடி ஊதா நிறம் பெற்று விரிகின்றது. 'அழுகல் இன்னும் நீங்கவில்லை' என்று கருதி மீண்டும் அறுக்கின்றனர். புண் மேலும் விரிகின்றது. 1924இலேயே தோமஸ் கலன் என்னும் வைத்தியர், வயிற்றுச் சீழ்க்கட்டியைத் திறந்து சீழ் அகற்றியபின் அவ்விடத்துத் தோல் தொடர்ந்து விரிந்து புண்ணானமையை எழுதியிருந்தார். தசையை விரைந்து அழிக்கும் கொடிய கிருமித் தொற்றென்று இதனைத் தவறாகக் கருதிப் பலமுறை அறுத்தலும், உறுப்பையே துண்டித்தலும் மருத்துவ ஏடுகளிற் பலமுறை பதிவாகியுள்ளன. இங்ஙனம் ஒருவர் கால் காப்பாற்றப்படுவதும் இழக்கப்படுவதும், "உமக்கு நெடுநாளாக வயிற்றோட்டம் உண்டா? மலத்தோடு இரத்தம் போகின்றதா?" என்னும் வினாவை ஒருவர் கேட்டாரா இல்லையா என்பதிலே தங்கியிருத்தல் கூடும்.

எனினும் இதனை அறுதியிட்டுரைக்கத் தனியொரு சோதனை இல்லை. கிருமித் தொற்று, குருதிக் குழாய் நோய், புற்றுநோய் முதலியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கியபின் எஞ்சி நிற்பதே இதுவெனத் துணிதல் வேண்டும். ஆதலின் விரைவும் வேண்டும், அவசரமும் ஆகாது.

வேறு இரண்டினைச் சுருங்கக் கூறுவோம். இங்கிலாந்தின் பிளிமத் நகரத்துத் தோல் வைத்தியர் சுவீற், 1964இல் எட்டுப் பெண்களிடம் கண்ட ஒரு நோயை விவரித்தார். திடீரெனக் காய்ச்சல் எழும். முகம், கழுத்து, கை ஆகிய இடங்களில் நோவுள்ள செந்தடிப்புகள் தோன்றும். குருதியிலும் தோலிலும் நியூத்திரோபில் கலங்கள் பெருகியிருக்கும். சுவீற் நோய் என இன்று வழங்கும் இது குடல் அழற்சியோடும் வரும். குருதிப் புற்றுநோயோடும் வரும். ஆதலின் இதனைக் கண்டவிடத்து இரண்டையும் தேடுதல் முறை.

மற்றது, மனிதர் தாமே செய்த ஒரு சத்திர சிகிச்சையால் வெளிப்பட்டது. மிகுந்த உடற்பருமன் கொண்டோருக்குச் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு எஞ்சியதை இணைக்கும் முறை 1950களிலிருந்து 1970கள் வரை வழங்கியது. இங்ஙனம் செய்யப்பட்டோருட் சிலருக்குக் காய்ச்சலும், மூட்டு நோவும், தோலிலே சீழ்க்கொப்புளங்களும் தோன்றின. அவர்களிடம் குடல் அழற்சி நோய் இருக்கவில்லை. உணவு செல்லாத குடற்பகுதியிலே பற்றீரியாக்கள் அளவின்றிப் பெருகியிருந்தன. பற்றீரியாவைக் கொல்லும் மருந்து கொடுத்தபோது நோய் தணிந்தது. குடலைப் பழையபடி இணைத்தபோது அறவே நீங்கியது. குடலினுள் இருப்பதொன்று, தோலிலே எவ்விதக் கிருமியும் இல்லாதபோதும், அங்கே சீழ்க்கொப்புளத்தை எழுப்ப வல்லது என்பதை இஃது ஐயமின்றிக் காட்டிற்று.

இனி, இத்தொடர்பு எவ்வாறு நிகழ்கின்றது என்னும் வினா எழும். குடலினுள்ளே எண்ணிறந்த பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு உடல் இணக்கமாக வாழ்வதற்குக் குடற்சுவரிலே நிர்ப்பீடனக் கலங்கள், அஃதாவது நோயெதிர்க்கும் கலங்கள், பெருந்தொகையாகக் காவல் நிற்கின்றன. குடற்சுவர் சிதைவுற்று அவ்விணக்கம் குலையும்போது அக்கலங்கள் கிளர்ந்தெழுந்து குருதியிற் கலந்து உடலெங்கும் செல்கின்றன. அவை விடுக்கும் தூதுப் புரதங்கள் நியூத்திரோபில் கலங்களைத் தூண்டுகின்றன. கட்டியழி காரணி எனப்படும் புரதம் அத்தூதுகளில் ஒன்று. குடற் பற்றீரியாவின் புரதத்துக்கும் தோலின் புரதத்துக்கும் உள்ள ஒப்புமையால், ஒன்றைத் தாக்க எழுந்த கலம் மற்றதையும் தாக்குதல் கூடும். பிறவியியல்பும் இதில் ஒரு பங்கு கொள்கின்றது. 2001இல் நொட்-2 என்னும் பரம்பரையலகின் மாற்றம் குரோன் நோய்க்கு ஏதுவாதல் கண்டறியப்பட்டது. மூட்டழற்சியும் பையோடேர்மா காங்கிரினோசமும் கடும் முகப்பருவும் ஒருங்கே ஒரு குடும்பத்தில் வழிவழி வரும் அரிய நோய்க்குத் தனியொரு பரம்பரையலகின் பிழையே காரணம் என்பது 2002இல் தெளிவாயிற்று.

சத்துக் குறைவால் வருவன இவற்றினும் எளியன. ஆயினும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. விற்றமின் பி-12ஐ உறிஞ்சுவது சிறுகுடலின் கடைப்பகுதி. குரோன் நோய் மிகுதியும் பற்றுவதும் அப்பகுதியையே. எனவே நா சிவந்து வழுவழுப்பாதலும், எரிவும் தோன்றலாம். நெடுநாள் வயிற்றோட்டத்தால் நாகச் சத்துக் குறையும்போது, வாயைச் சுற்றியும் கைகால்களிலும் குதத்தைச் சுற்றியும் தோல் சிவந்து உரியும், மயிர் உதிரும். நாகச் சத்தைக் கொடுத்தவுடன் விரைவில் நலமுண்டாகும்.

மருத்துவ முறைகளை நோக்குவோம். கோட்டிசோன் என்னும் ஓமோன் 1948இல் மேயோ நிலையத்திலே மூட்டுவாத நோயாளருக்கு முதன்முதல் வழங்கப்பட்டது. 1955இல் துறூலவ், விற்ஸ் என்னும் ஒக்ஸ்போர்டு வைத்தியர்கள் 210 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு, பெருங்குடற் புண்ணழற்சிக்கு அது பயன்படுதலை உறுதி செய்தது. இவ்வின மருந்துகளே பையோடேர்மா காங்கிரினோசத்துக்கும் வாயின் நத்தைத் தடப் புண்களுக்கும் முதல் மருந்தாக இன்றும் வழங்குகின்றன. நோயெதிர் ஆற்றலை அடக்கும் சைக்குளோஸ்போரின் இதனோடு ஒப்பிடப்பட்டது. 2015இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில், பையோடேர்மா காங்கிரினோச நோயாளருள் இவ்விரு மருந்தில் எதை உண்டோராயினும் ஆறு மாதத்தில் புண் ஆறியவர் நூற்றுக்கு 47 பேரே. இரண்டும் சமம் என்பதையும், இரண்டுமே பாதிப்பேருக்கு அக்காலத்துள் போதா என்பதையும் அஃது உணர்த்திற்று. கட்டியழி காரணியைத் தடுக்கும் இன்பிளிக்சிமாப் என்னும் மருந்து 1998 தொடக்கம் குரோன் நோய்க்கு வழங்கப்படுகின்றது. 2006இல் வெளியான ஆய்வொன்றில், பையோடேர்மா காங்கிரினோசம் உடையோருள் இம்மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 46 பேர் இரண்டு வாரத்துள் நலங்கண்டனர். மருந்தில்லாத நீரைப் பெற்றவர்களில் நூற்றுக்கு அறுவரே நலங்கண்டனர். புண்ணை மென்மையாகக் கழுவி ஈரப்பதத்தோடு மூடிவைத்தலும், நோவினைத் தணித்தலும் இவற்றோடு சேர்ந்து நடைபெறுதல் வேண்டும். வியப்பு யாதெனில், தோல் நோயைத் தணிக்கும் இம்மருந்தே சிலரிடம் சொரியாசிஸ் என்னும் செதில் நோயைப் புதிதாக உண்டாக்குகின்றது. நாம் முன்னர்க் கூறிய நான்காம் வகைக்கு இது சான்று.

நம் நாட்டாருக்கு இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். குடலைப் பற்றும் சயரோகமும் குரோன் நோயும் ஒன்றுபோலவே தோன்றுவன. இரண்டும் சிறுகுடலின் கடைப்பகுதியைப் பற்றும். இரண்டும் மெலிவும் காய்ச்சலும் தரும். இரண்டிலும் கிரனுலோமா உண்டு. சயரோகம் இன்னும் நீங்காத தென்னாசிய நாடுகளில் இவற்றைப் பிரித்தறிதல் கடினமான பணி. குரோன் நோயை அடக்கும் மருந்து சயரோகத்தை மூட்டிவிடும். இன்பிளிக்சிமாப் பெற்றோரிடம் மறைந்திருந்த சயரோகம் கிளம்பியமையை 2001இல் வெளியான ஆய்வு உலகுக்கு அறிவித்தது. ஆகவே, இம்மருந்துகளைத் தொடங்குமுன் சயரோகம் இல்லையென உறுதி செய்தல் வேண்டும். வாய்ப்புண், தோலிற் குத்திய இடத்திற் கொப்புளம், குடற்புண் ஆகியன ஒருங்கே வரும் பெசெற் நோயும் மற்றொரு மயக்கம் தருவது. துருக்கி நாட்டுத் தோல் வைத்தியர் பெசெற் 1937இல் விவரித்த அந்நோயில் மறைவிடப் புண்ணும் கண்ணழற்சியும் சேர்ந்து வரும்.

வாய்ப்புற்று இலங்கை ஆண்களிடையே முதன்மை பெற்ற புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றை மெல்லும் வழக்கமே அதற்குத் தலையாய காரணம். ஆதலின் மூன்று வாரத்துள் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் 'வயிற்றுச் சூடு' என்று கூறி விட்டுவிடுதல் ஆகாது. அது குடலின் குறியாக இருப்பினும் புற்றின் குறியாக இருப்பினும், காலந் தாழ்த்துதல் கேடே தரும்.

இறுதியாக ஆசிரியர்களுக்கும் மாணவர்க்கும் ஒரு சொல். குரோன் நோய் பெரும்பாலும் இளமையிலே தொடங்குவது. பிள்ளைகளின் வளர்ச்சியைத் தடுப்பது. வகுப்பிலே அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்கும் மாணவன், ஒத்த வயதினரிலும் குறுகி மெலிந்து நிற்பவன், உதடு வீங்கியோ வாய்ப்புண் மாறாமலோ இருப்பவன் சோம்பேறியென்று கண்டிக்கப்படுதல் எளிது. மலத்தைப் பற்றியும் மறைவிடத்தைப் பற்றியும் தானே வந்து பேச எந்தப் பிள்ளையும் விரும்பாது. அவனைத் தனியே அழைத்து அன்போடு வினவி, பெற்றோருக்கு அறிவித்து, வைத்தியரிடம் அனுப்புதல் ஆசிரியர் செய்யத்தக்க நன்மையாகும். அனுப்பும்போது வாய்ப்புண்ணை மட்டுமன்றி வயிற்றின் நிலையையும் உடல் மெலிவையும் சேர்த்தே வைத்தியருக்கு எழுதி அனுப்புக. தனித்தனியே நின்றபோது ஒன்றையும் உணர்த்தாத இக்குறிகள், ஒருங்கு வைத்துக் காணும்போது மறைந்து நிற்கும் நோயின் பெயரை உரைத்துவிடும்.